பின்சீட்டுச் சோபா

போன மாதம் என் மகள் அடையாறில் புதிதாகத் திறந்திருந்த ஒரு காபிக் கடைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். தண்ணீர் கேட்பதற்குக்கூட இரண்டு தடவை யோசிக்க வேண்டிய வகைக் கடை. உள்ளே மூலையில் ஒரு பழைய அம்பாசடரின் பின்பக்கத்தை அப்படியே அறுத்து, டிக்கி இருந்த இடத்தில் மெத்தை போட்டுச் சோபாவாக்கி வைத்திருந்தார்கள். பின்னால் இரண்டு சிவப்பு விளக்குகளும் எரிந்துகொண்டிருந்தன. மகள் ஓடிப்போய் இடம் பிடித்தாள். மனைவியும் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயது. தொப்பையும் ரத்தக்கொதிப்பும் வீட்டுக்கடனும் உள்ள மனுஷன். ஒரு சோபாவில் உட்காரப் பயமாக இருக்கிறது என்று அந்த இடத்தில் எப்படிச் சொல்வது? மூலம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் கடையில் அந்த வார்த்தையை அதுவரை யாரும் உச்சரித்திருக்க மாட்டார்கள். பரிமாற வந்த பையன் நல்லவன், எங்கிருந்தோ ஒரு தலையணையைக் கொண்டுவந்து நீட்டினான். அதையும் இடுக்கிக்கொண்டு நின்றபடியே காபி குடித்தேன். பில் வந்தபோது மட்டும் சற்று உட்காரலாம் போலிருந்தது.

மகளுக்கு வேடிக்கை. திரும்பி வரும் வழியெல்லாம் சிரித்தாள். இப்படி ஒரு சோபாவை நான் ஒன்பது வயதிலேயே பார்த்தவன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இதே கதையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

அப்போது நாங்கள் மயிலாப்பூரில், சந்துக்குள் சந்து நுழைந்து போகும் ஓர் இடத்தில், ஐந்து குடித்தனங்கள் இருந்த வீட்டில் குடியிருந்தோம். முன்னறையும் அதையொட்டிய சமையற்கட்டும் எங்களுடையவை. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. அப்பா கோபாலபுரத்தில் ஒரு பங்களாவில் டிரைவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், வெள்ளை அம்பாசடர். அந்த வீட்டம்மாவை வெள்ளிக்கிழமைதோறும் வடபழனி கோயிலுக்கு அழைத்துப் போவார். திரும்பும்போது அந்த அம்மா எனக்கென்று ஒரு தொன்னையில் பஞ்சாமிர்தம் கொடுத்தனுப்புவார். அவருடைய முகம் எனக்குத் தெரியாது. பஞ்சாமிர்தம் தெரியும். என் கணக்கில் அந்த அம்மா என்பது கொட்டை நீக்கிய பேரீச்சம்பழமும் கொஞ்சம் கற்கண்டும்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பஞ்சாமிர்தம் வரவில்லை. அப்பா மட்டும் யாரோ ஒருவரின் ஆட்டோவில் வந்து இறங்கினார். அடுத்த வெள்ளியும் வரவில்லை. அந்த அம்மா டில்லியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், அதனால் அப்பாவுக்கு லீவு என்று அம்மா சொன்னாள். நான் நம்பினேன். பொறாமையாகக்கூட இருந்தது. எனக்கெல்லாம் காய்ச்சல் வந்தால்தான் லீவு.

நடந்தது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. கோயிலிலிருந்து திரும்பும் வழியில், அசோக் நகரில், குறுக்குத் தெருவிலிருந்து வந்த ஒரு தண்ணீர் லாரி வண்டியின் இடது பின்கதவில் மோதியிருக்கிறது. முன்னால் வலது பக்கம் இருந்த அப்பாவின் சட்டைகூடக் கசங்கவில்லை. அந்த அம்மா எப்போதும் இடது பக்கம் உட்காருபவர். லாரியின் மேல்தான் தப்பு என்று போலீஸ்காரர்கள் சொன்னார்கள். அந்த வீட்டு ஐயாவும், உன் மேல் தப்பில்லை, ஆனால் இனிமேல் வண்டி வைத்துக்கொள்வதாக இல்லை என்று சொல்லியனுப்பினார். தெருவில் எல்லோரும் அதையே சொன்னார்கள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் எதைப் பற்றியுமே அதிகம் சொல்லவில்லை.

லீவில் இருக்கும் ஆள் இப்படியா இருப்பார் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. காலையில் குளித்து, அதே வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மத்தியானம் அம்மா தட்டை வைத்தால் சாப்பிடுவார். வைக்காவிட்டால் கேட்க மாட்டார்.

வீடு அத்தையின் சம்பளத்தில் ஓடியது. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையில், இரண்டாவது மாடி, பட்டுப்புடவைப் பிரிவில் அவளுக்கு வேலை. அங்கே வேலை செய்யும் பெண்கள் உட்காரக் கூடாது. வாடிக்கையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிற்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது கணுக்கால் எது, ஆடுசதை எது என்று தெரியாது. இரண்டும் ஒன்றாகியிருக்கும்.

அத்தைக்கு இருபத்தெட்டு முடிந்திருந்தது. அதற்கு முன் பெண் பார்க்க வந்தவர்களைப் பாயில் உட்கார வைத்தோம். மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முட்டிவலி. உட்கார்ந்தவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது. எழுந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, நாற்காலிகூட இல்லாத வீடு என்பது. அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. இப்போது வடபழனியிலிருந்து ஒரு வரன் வந்திருந்தது. சினிமா ஸ்டூடியோவில் லைட்மேன். அடுத்த மாதம் ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்குள் ஒரு சோபா வேண்டும் என்பதுதான் அம்மாவின் ஒரே கவலை.

அம்மாவின் தம்பி, என் மாமா, புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் கடையில் வேலை செய்தார். அங்கேயே மாமியோடும் பிள்ளைகளோடும் குடியிருந்தார். ஒரு முழு காரை அரை நாளில் இருந்த இடம் தெரியாமல் செய்துவிடும் கடை அது. மாமாவுக்குத் தன் கையைப் பற்றி ரொம்பப் பெருமை. பிரிப்பதில் அவர் கெட்டிக்காரர்தான். சேர்ப்பதில் அவருடைய திறமை என்னவென்பது எங்கள் வீட்டுக்குச் சோபா வந்தபோது தெரிந்தது.

அது ஓர் அம்பாசடரின் பின்சீட்டு. அடியில் இரும்புச் சட்டம் வைத்துப் பற்றவைத்து, கால்களுக்கு லாரியின் பட்டைகளை வளைத்துப் பொருத்தியிருந்தார். பட்டை என்றால் சக்கரத்துக்கு மேலே அடுக்கடுக்காக இருக்குமே, வண்டி குதிக்காமல் தாங்கும் அந்த இரும்பு வில். அதனால் சோபா குதித்தது. ஒருவர் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் ஒரு சாண் உயர்ந்து இறங்குவார். மேலே கருஞ்சிவப்பு ரெக்சின் போட்டிருந்தார். இடது ஓரத்தில் மட்டும் ரெக்சினுக்கு அடியில் கூடுதலாக இரண்டு மடிப்பு கோணி வைத்துத் தைத்திருந்தது கைக்குத் தெரிந்தது. சோபாவுக்கு முன்னால் போட ஒரு சக்கர ரிம்மின் மேல் பிளைவுட் பலகையை ஆணியடித்து டீபாய். சுவரில் மாட்ட ஒரு ஹெட்லைட்டுக்குள் குண்டு பல்பு. அதைப் போட்டால் எதிர்க்குடித்தனத்து ஆள் கையால் கண்ணை மறைத்துக்கொண்டு யாருடா அது என்று கேட்பார்.

"இன்னா மருமவனே, எப்டி கீது? மந்திரி ஊட்லகூட இந்த மாரி கெடயாது" என்றார் மாமா. நான் ஏறிக் குதித்தேன். தலை ஏறக்குறைய விட்டத்தைத் தொட்டது. அந்த ஒரு பகல் முழுக்க உலகத்திலேயே சந்தோஷமான பையன் நான்தான்.

மறுநாள் அந்தச் சந்தோஷம் போயிற்று. சமையற்கட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மறைவில் நான் ஓணானுக்காகக் காத்திருந்தபோது, உள்ளே மாமா அம்மாவிடம் சன்னமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"உங்கிட்ட மறைக்கக் கூடாதுக்கா. அது உசுரு போன வண்டி சீட்டு. எரிக்கறதுக்குன்னு ஓரமா எடுத்து வச்சிருந்தோம். மச்சான்தான் கடையாண்ட வந்து, அது பக்கத்துல குந்திகினு, எனுக்கு வேணும்னாரு. காலைல வந்தவரு சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவே இல்ல. நான் இன்னா பண்றது, சொல்லு."

அம்மா பாத்திரம் விளக்கும் சத்தம் நின்றது. பிறகு, "புள்ளைக்குத் தெரிய வேணாம்" என்றாள்.

புள்ளைக்குத் தெரிந்துவிட்டது. அதாவது, பாதி தெரிந்தது. யாருடைய உயிர், எந்த வண்டி, அப்பா ஏன் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார் என்பதெல்லாம் என் தலைக்குள் ஏறவே இல்லை. சும்மா கிடைக்கிறதே என்று அப்பா கேட்டிருப்பார் என்று நினைத்தேன். என் தலையில் ஏறியது ஒன்றே ஒன்று. எரிக்க வேண்டிய சீட்டு எங்கள் முன்னறையில் இருக்கிறது.

இதற்கும் மாமாதான் காரணம். முன்பு ஒருமுறை தன் தொழிலின் பெருமையை எனக்குச் சொன்னபோது அவரே விளக்கியிருந்தார். உயிர் போன வண்டி கடைக்கு வந்தால் தொடுவதற்கு முன் பூசணிக்காய் உடைப்பார்கள். பானெட்டில் கற்பூரம் ஏற்றுவார்கள். அப்புறம் இன்ஜின், கதவு, கண்ணாடி எல்லாவற்றையும் கழற்றி விற்பார்கள். உயிர் போன சீட்டை மட்டும் விற்கவும் மாட்டார்கள், வீட்டுக்குள் ஏற்றவும் மாட்டார்கள். கூவம் கரையில் போட்டு எரித்துவிடுவார்கள். ஏன் என்று நான் கேட்டதற்கு, அப்படி ஒரு சீட்டை ஆசைப்பட்டு எடுத்துப்போய் சைக்கிள் கடையில் போட்ட ஒருவனின் கதையைச் சொன்னார். முதலில் அவன் போனான், பிறகு அவன் சம்சாரம் போனாள், அப்புறம் கடையே போய்விட்டது. கடை எப்படிச் சாகும் என்று நான் கேட்கவில்லை. ஒன்பது வயதில் அதெல்லாம் நியாயமாகவே படும்.

அன்றிலிருந்து நான் வீட்டுக்காவல் வேலையை ஏற்றுக்கொண்டேன். முதலில் கோயிலிலிருந்து விபூதி கொண்டுவந்து சோபாவின் நான்கு காலிலும் பூசினேன். பிறகு ஓர் எலுமிச்சம்பழத்தை அடியில் வைத்தேன். ஒரு வாரத்தில் பழம் காய்ந்து சுருங்கியது. கெட்டது நடக்கப் போகிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்? எலுமிச்சம்பழத்தை எங்கே வைத்தாலும் காயும் என்று யோசிக்கும் நிலையில் நான் இல்லை. பக்கத்துக் குடித்தனத்துப் பூனை ஒருநாள் சோபாவில் ஏறிச் சுருண்டு தூங்கியது. மறுநாள் பூனையைக் காணவில்லை. எனக்குக் காய்ச்சலே வந்துவிட்டது. அப்புறம் பூனை மீன் வாசனையோடு திரும்பி வந்தது. நான் நிம்மதி அடையவில்லை. பூனை கணக்கில் வராது என்று முடிவு செய்தேன்.

கணக்கில் வந்தவள் அத்தை. கடை விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்து அதில்தான் சாய்வாள். அதுவும் அந்த இடது ஓரத்தில், கோணி வைத்துத் தைத்த மெத்தென்ற இடத்தில். நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஸ்பிரிங் குத்தும் என்றேன். மூட்டைப்பூச்சி என்றேன். வேறு வழியில்லாமல், அதில் எமன் உட்கார்ந்திருக்கிறான் அத்தை என்று காதோடு சொன்னேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"காலைலேர்ந்து நிக்கிறேன்டா. எமனாவே இருக்கட்டும், கொஞ்சம் தள்ளி உக்காருப்பான்னு சொல்லுவேன்."

சோபா வந்த பிறகு அப்பாவிடம் ஒரு மாற்றம் ஏற்பட்டது. சுவரைப் பார்த்து உட்காருவதை விட்டுவிட்டார். சோபாவுக்கு முன்னால், தரையில், வலது பக்கமாக, அதற்கு முதுகைக் காட்டி உட்காரத் தொடங்கினார். சோபாவில் ஒருநாளும் உட்காரவில்லை. சோபாவோடு மாமா கொண்டுவந்த சில்லறைச் சாமான்களில், டிரைவருக்கு முன்னால் இருக்குமே, அந்தச் சின்னக் கண்ணாடி ஒன்று இருந்தது. அப்பா அதை மட்டும் எடுத்துக்கொண்டு, எதிரே இருந்த ஜன்னல் கம்பியில் தாழ்வாகக் கட்டினார். தரையில் இருந்தபடியே கையை நீட்டி அதை ஒரு நூல் அளவு திருப்புவார். பார்ப்பார். மறுபடி ஒரு நூல் திருப்புவார். முகம் மழிப்பதற்கு என்று நான் நினைத்தேன். ஆனால் அந்தக் கண்ணாடியில் அவர் முகம் தெரியாது. ஒருநாள் அவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். சோபாவின் இடது ஓரம்தான் தெரிந்தது.

அங்கே காற்றாடிக் காற்று நன்றாக வரும். அதற்காகத்தான் அங்கே உட்காருகிறார் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். எனக்கு அதைவிட முக்கியமான வேலை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் வந்து அந்தச் சோபாவில் உட்காரப் போகிறார்கள்.

வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, அக்கா. நான் கேசரித் தட்டோடு சமையற்கட்டு வாசலில் நின்றேன். கடைசி முயற்சியாகப் பாயை விரித்து வைத்திருந்தேன். அம்மா அதை ஒரே உதையில் சுருட்டி மூலையில் போட்டாள். நால்வரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நான்கு பேர். நான்கு பேரும் ஒருமுறை உயர்ந்து இறங்கினார்கள். மாப்பிள்ளையின் அம்மா இடது ஓரத்தில். எனக்கு விக்கல் எடுத்தது.

நன்றாகத்தான் போயிற்று. மாமா ஹெட்லைட்டைப் போட்டுக் காட்டினார். லைட்மேன் மாப்பிள்ளை அதை நிமிர்ந்து பார்த்து, வெளிச்சம் நல்லா பரவுது என்று தொழில்முறையில் ஒரு வார்த்தை சொன்னார். மாமாவுக்கு அது பத்மஸ்ரீ. அத்தை காபித் தட்டோடு வந்து கொடுத்துவிட்டு ஓரமாக நின்றாள். நிற்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. மாப்பிள்ளையின் அம்மா அவளுடைய காலைப் பார்த்தார். பிறகு தன் மகளைப் பார்த்து, கொஞ்சம் எழுந்து அந்தப் பொண்ணுக்கு இடம் குடு என்றார்.

"கடையில நாள் பூரா நிக்கிற பொண்ணு. இங்கயுமா நிக்கணும்? வந்து என் பக்கத்துல உக்காரும்மா."

அதுவரை பெண் பார்க்க வந்த யாரும் அத்தையை உட்காரச் சொன்னதில்லை. அவள் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் வந்தது வெட்கம் இல்லை. கால் வலி நின்றவர்களுக்கு வருமே, அந்த முகம். இந்த இடம் முடிந்துவிடும் என்று அம்மாவின் கண்ணில் தெரிந்தது.

அப்போதுதான் அப்பா உள்ளேயிருந்து வந்தார். அவருக்கென்று பக்கத்துக் குடித்தனத்திலிருந்து ஒரு நாற்காலி இரவல் வாங்கி, சோபாவுக்கு எதிரே போட்டிருந்தோம். அவர் அதைப் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டையும் வெள்ளை பேண்டுமாக வந்து, தன் வழக்கமான இடத்தில், தரையில், வந்தவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். கையை நீட்டிக் கண்ணாடியை ஒரு நூல் திருப்பினார்.

மச்சானுக்கு இடுப்புவலி, தரைதான் ஒத்துவருது என்று மாமா ஏதோ சொல்லிப் பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளையின் அம்மா மட்டும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சின்னக் கண்ணாடியில் இரண்டு கண்கள் தன்னையே பார்ப்பதை அவர் கண்டுவிட்டார்.

என் விக்கல் பெரிதாயிற்று. ஆரம்பித்துவிட்டது, முதலில் இந்த அம்மாதான் போகப் போகிறார் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்தது. கத்தி எல்லோரையும் எழுப்பிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். விக்கல்தான் வந்தது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். குடித்தேன். மறுபடி திறந்தேன். மறுபடி விக்கல். நாட்டைக் காப்பாற்ற வந்த வீரனுக்கு விக்கல் எடுத்தால் அந்த நாட்டின் கதி என்னவோ, அதுதான் எங்கள் முன்னறையின் கதி.

மாப்பிள்ளையின் அம்மா, சமையற்கட்டைப் பார்க்கிறேன் என்று எழ முயன்றார். பட்டைக் கால்கள் கிறீச்சிட்டன. அந்தச் சத்தத்தில் அப்பா சட்டென்று எழுந்தார். அத்தனை மாதங்களில் அவர் அவ்வளவு வேகமாக எழுந்து நான் பார்த்ததில்லை. ரிம் டீபாயைச் சுற்றிக்கொண்டு ஓடி, சோபாவின் இடது பக்கத்துக்கு வந்தார். ஒன்றும் இல்லாத இடத்தில் கையை வைத்து எதையோ இழுத்துத் திறந்தார். இன்னொரு கையை அந்த அம்மாவின் தலைக்கு மேலே, இடிக்காமல் இருப்பதற்காக, குடை மாதிரி பிடித்தார்.

"பாத்து இறங்குங்கம்மா. தலை."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவ்வளவு நேரம் நிற்காத விக்கல் அந்தச் சிரிப்பில் நின்றது. அப்பா கார் விளையாட்டு விளையாடுகிறார் என்று நினைத்தேன். நான் சிரித்தது மட்டும்தான் அந்த அறையில் கேட்டது. அந்த அம்மா ஒரு கணம் அப்பாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, இதை நான் மறக்கவே மாட்டேன், அந்தக் கைக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டு இறங்கினார். இறங்கி, "சரிப்பா" என்றார். அப்பா கதவைச் சாத்திவிட்டு மறுபடியும் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. வரனைக் கொண்டுவந்த பெண்மணி வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனாள். பொண்ணு தங்கம், அதில் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அண்ணனுக்கு மனசு சரியில்லை போலிருக்கிறது. நாளைக்குப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் வந்துவிட்டால்?

அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அத்தை புடவையை மடித்துக்கொண்டிருந்தவள் மடித்துக்கொண்டே இருந்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். நான் ஒரு மூலையில் நின்று கணக்குப் போட்டேன். பதில் சொல்லியனுப்பியிருக்கிறார்கள் என்றால் நான்கு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். செத்தவர்கள் சம்பந்தம் வேண்டாமென்று சொல்லியனுப்ப முடியாது. அன்று எங்கள் வீட்டில் சந்தோஷமாக இருந்தவன் நான் ஒருவன்தான்.

அந்த வாரம் அத்தைக்கு விடுமுறை நாளன்று மாமா சாமான் ஏற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தார். அம்மாதான் சொல்லியனுப்பியிருந்தாள்.

"எடுத்துகினு போய் எரி. எரிக்கறது உங்க வழக்கம்தானே. அத மீறினதுக்கு என் ஊட்டுக்காரரையே குடுத்தாச்சு, போதும்" என்றாள்.

மாமாவின் பெருமையெல்லாம் இறங்கிப்போயிருந்தது. சோபாவின் ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினார். வரவில்லை. அப்பா தன் இடத்தில்தான் இருந்தார். திரும்பிப் பார்க்காமலே வலது கையைப் பின்னால் கொண்டுபோய் சோபாவின் காலைப் பிடித்திருந்தார். "வுடு மச்சான்" என்றார் மாமா. அப்பா விடவில்லை. மாமா அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார். ஒரு முழு காரை அரை நாளில் பிரிக்கிறவரால் அதைப் பிரிக்க முடியவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்தேன். விரல் நசுங்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணி, இருக்கட்டும்" என்றாள். "நான் உக்காந்துக்கறேன்."

சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்தாள். காலை நேராக வைத்து, மடியில் கையை வைத்து, அவள் ஒருநாளும் உட்காராத மாதிரி, யாரோ பெரிய மனுஷி மாதிரி உட்கார்ந்தாள். அப்பாவின் முதுகைப் பார்த்துச் சொன்னாள்.

"அண்ணா, வடபழனிக்குப் போணும். வண்டிய எடு."

அப்பாவின் கை சோபாவின் காலை விட்டது. முதுகு நிமிர்ந்தது. கண்ணாடியைத் திருத்தினார். வலது கை காற்றில் சாவியைத் திருகியது. இடது கை ஸ்டியரிங்குக்குப் பக்கவாட்டில் கியரைப் போட்டது. வண்டி கிளம்பிவிட்டது. மாமா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தார். அம்மா நின்ற இடத்தில் நின்றாள்.

இவ்வளவு நல்ல விளையாட்டில் என்னை விட்டுவிட்டார்களே என்று எனக்கு ஆத்திரம். எமனையும் எலுமிச்சம்பழத்தையும் மறந்து ஓடிப்போய் அத்தையின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். கோடம்பாக்கம் பாலத்தில் ஏறினோம். அப்பாவின் தோள் சாய்வதைப் பார்த்தே எங்கே திரும்புகிறோம் என்று தெரிந்தது. கோயில் வந்தது. அத்தை கண்ணை மூடிக் கும்பிட்டாள், நானும் கும்பிட்டேன். பஞ்சாமிர்தம் வாங்கணும் அத்தை என்றேன். வாங்கியாச்சு என்று வெறும் கையை நீட்டினாள். நக்கினேன். அசல் மாதிரியே இருந்தது. திரும்பினோம். அசோக் நகர் வழியா போகலாமாண்ணா என்று அத்தை மெதுவாகக் கேட்டாள். அப்பாவின் தோள் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது.

வண்டி சத்தமே இல்லாமல் போவது எனக்குச் சப்பென்று இருந்தது. என் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டாமா? மூச்சை இழுத்து வாயைக் குவித்து, எனக்குத் தெரிந்ததிலேயே பெரிய சத்தமாக, தண்ணீர் லாரி ஹாரன் மாதிரி அடித்தேன்.

அப்பாவின் வலது கால் பிரேக்கை மிதிப்பதுபோல் உதைத்தது. ரிம் டீபாய் எதிர்ச்சுவர் வரை போய் மோதியது. இரண்டு கையும் காற்றில் எதையோ பிடித்து வளைத்தன. அத்தையின் கை என் வாயை இறுக்கி மூடியது. அப்பா திரும்பினார். அந்தச் சோபா வந்த நாளிலிருந்து அவர் உட்கார்ந்தபடி பின்னால் திரும்பிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. முகமெல்லாம் வியர்வை. இடது ஓரத்தையே பார்த்தார்.

"ஒண்ணும் ஆகலியேம்மா?"

"ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கேன்" என்றாள் அத்தை. "நீங்க ஓட்டுங்க."

அவள் அப்பாவை எப்போதும் நீ என்றுதான் சொல்வாள். அன்று நீங்க என்று சொன்னாள். விளையாட்டு என்றால் அப்படித்தான் சொல்ல வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். என் வாயிலிருந்து அவள் கையை எடுக்கவே இல்லை. அப்பா நெடுநேரம் அவளைப் பார்த்தார். பிறகு திரும்பி, கியரைப் போட்டு, மிகவும் மெதுவாக எங்களை மயிலாப்பூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

வாசலில் மாமா வெறும் மீன்பாடி வண்டியைத் தள்ளிக்கொண்டு போவது தெரிந்தது. அம்மா டீபாயை இழுத்துப் பழைய இடத்தில் போட்டாள்.

மறுநாள் நான் பள்ளிக்கூடத்துக்குக் கொஞ்சம் சீக்கிரமாகவே போனேன். பக்கத்தில் உட்காருகிறவனிடமும், பின்பெஞ்சுக்காரர்களிடமும், வருகை எடுக்க வந்த டீச்சரிடமும் சொன்னேன். எங்கள் அப்பாவுக்கு லீவு முடிந்துவிட்டது, நேற்றிலிருந்து மறுபடியும் வண்டி ஓட்டுகிறார் என்று.